காக்கா மேல் எழுதிய புகார்

மயிலாப்பூர்
3.2.2025

அன்புள்ள லாரன்ஸுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கண்ணில் கட்டோடு படுத்திருப்பவனிடம் நலமா என்று கேட்டால், வாசித்துக் காட்டுகிற ஸ்டெல்லா அந்த வரியிலேயே கடிதத்தைக் கிழித்துவிடுவாள் என்று பயந்து நேரே விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

போன வாரம் போன் செய்தேன். "டாக்டர் போனே தொடக்கூடாதுன்னுட்டார் அண்ணா. ஆளாளுக்கு 'எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு'ன்னு கேட்டு இவருக்குத் தலைவலிதான் மிச்சம். நீங்க லெட்டர் போடுங்க, வாசிச்சுக் காட்டறேன்" என்றாள். சாந்தோம் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் உனக்காக லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு நான் உனக்கு எழுதுவது இதுதான். தபாலாபீஸில் இன்லண்ட் லெட்டர் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், நான் ஓலைச்சுவடி கேட்டதுபோல் பார்த்தாள்.

நேரில் வராததற்கு என் முட்டிதான் காரணம். பாலவாக்கம் பஸ்ஸுக்கு மூன்று படிகள். மூன்றும் எனக்குப் பரம்பரை எதிரிகள்.

எங்கள் ஸ்ரீசௌபாக்யா அடுக்ககத்தின் குடியரசு தின விழா பாதியில் நின்றுவிட்டது. உன் சப்ஸ்டேஷனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மதில்தானே, நீ விழுந்த அதே நிமிஷம் எங்களுக்கும் கரண்ட் போய்விட்டது. சங்கத் தலைவர் ராஜகோபாலன் 'இந்தியா இன்று' என்று ஆரம்பித்ததோடு மைக் அணைந்தது. இந்தியா இன்றுவரை அங்கேயே நிற்கிறது. ஜெயலக்ஷ்மி மாமி லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் "வடை தீந்துடுத்தா?" என்று கேட்டாள். இதை வைத்தே பேட்டைப் பத்திரிகையில் இந்த மாத நகைச்சுவைப் பத்தியை ஒப்பேற்றலாம் என்று நினைத்தேன். ஏனோ எழுத வரவில்லை.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் காக்காதான் காரணம் என்கிறார்கள். கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டதாம். இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
சுவாமிநாதன்

*

பாலவாக்கம்
8.2.2025

சாமி,

(இவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன் அண்ணா. பேசுகிறபடியே எழுது, டீச்சர் வேலை காட்டாதே என்று உத்தரவு. – ஸ்டெல்லா)

இன்னாடா முட்டி? போன மே மாசம் எங்க பீச்சாண்ட பஜ்ஜி துன்றதுக்கு வந்தியே, அப்போ எங்க போச்சு உன் முட்டி? ரெண்டு பிளேட் துன்னுட்டு மூணாவதுக்கு ஓடினே.

இன்னா ஆச்சுன்னு நீ ஒருத்தன்தான் கேக்கல. அதனால உனக்கு மட்டும் சொல்றேன். காலைல எட்டு இருபது. மீட்டர் ரீடிங் எழுதிக்கினு யார்டுல நடந்து வர்றேன். உங்க தலைவர் மைக்குல பேசிக்கினு கீறாரு. தலைக்கு மேல ஒரே வெள்ளை. சூரியன் எறங்கி வந்து நின்னா மாதிரி. சத்தம் அப்புறந்தான் கேட்டுச்சு. அப்புறம் ஜனம் கை தட்ற சத்தம். நான் செத்துட்டேன், மோட்சத்துல கை தட்டி கூப்பிடறாங்கன்னே நெனச்சுக்கினேன்.

இடது கை தோல் உரிஞ்சுடுச்சு. வலது கண்ணுல ஆள் மங்கலா தெரியுது. இடது கண்ணுல பகலா ராத்திரியான்றது மட்டும் தெரியுது. அதுக்கு ஒரு கடிகாரம் போதும், கண்ணு எதுக்கு?

மனசுல ஒண்ணு அரிச்சுக்கினே கீது. மேல இரும்பு ஸ்ட்ரக்சர்ல பழைய காக்கா கூடு ஒண்ணு கீது. கட்டுக்கம்பி, துணி ஹேங்கர்லாம் வெச்சுக் கட்டினது. ஜனவரி ஷட்டவுன்ல எடுத்திருக்கணும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு உட்டது நாந்தான். இப்போ பக்கத்து பில்டிங்லேர்ந்து யாரோ எங்க இன்ஜினியர் தாரணி மேடத்துக்கு லெட்டர் குடுத்துகீறாங்க. காக்கா கம்பியோட போனதைப் பாத்தோம், கூடு மாசக்கணக்கா அப்படியே கெடக்குதுன்னு. யாருன்னு மேடம் சொல்லல. உங்க பில்டிங்கா, அந்தாண்ட பில்டிங்கா? நீதானே செக்ரட்டரி, விசாரிச்சு சொல்லு.

மார்ச் பத்து என்கொயரி. மே முப்பத்தொண்ணு ரிடையர்மெண்ட். முப்பத்தொரு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல சாமி.

லாரன்ஸ்

(அண்ணா, நீங்கள் வந்தால் இவருக்கு நல்லது. யார் வந்தாலும் 'சாமி வந்தானா' என்றுதான் கேட்கிறார். – ஸ்டெல்லா)

*

மயிலாப்பூர்
14.2.2025

அன்புள்ள லாரன்ஸ்,

முதலில் அந்தக் கை தட்டலைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அது எங்கள் தலைவரின் பேச்சுக்கு. இன்னும் சரியாகச் சொன்னால், பேச்சு நின்றதற்கு.

அடுத்து காக்கா. உனக்குத் தெரியாததா, எங்கள் வீட்டில் மொட்டைமாடியில் காக்காவுக்குச் சாதம் வைத்த பிறகுதான் எனக்குத் தட்டு வைப்பாள் என் மனைவி. முன்னோர்கள் அல்லவா? அப்படிப் பார்த்தால் உன் யார்டில் கம்பியைப் போட்டது என் அப்பாவாகவே இருக்கலாம். உயிரோடு இருந்தபோதே அவர் ஃப்யூஸ் போடுகிறேன் என்று ஸ்டூலில் ஏறினால் தெருவே இருட்டாகிவிடும். இறக்கை முளைத்த பிறகு கேட்பானேன்!

உங்கள் என்கொயரியில் அதைக் கூண்டிலேற்றி விசாரிக்க வேண்டும்.

"பெயர்?"

"கா."

"தகப்பனார் பெயர்?"

"கா."

"சம்பவ தினத்தன்று கம்பியோடு என்ன வேலை?"

"வீடு கட்டினேன்."

"அப்ரூவல் வாங்கினாயா?"

"பக்கத்து அடுக்ககத்தில் மூன்றாவது மாடிக்கு வாங்கினார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள், அப்புறம் நான் சொல்கிறேன்."

எங்கள் மூன்றாவது மாடி ரகசியம் காக்காவுக்கே தெரிந்திருக்கிறது பார்.

நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. ஒரு பறவை செய்ததற்கு மனுஷன் என்ன செய்ய முடியும்? அந்த லெட்டரை யார் எழுதியது என்று விசாரிக்கிறேன். எங்கள் கட்டடமாக இருக்காது. இங்கே தண்ணீர் மோட்டார் போடுவது யார் என்பதற்கே ஒருமித்த கருத்து கிடையாது, சேர்ந்து ஒரு லெட்டர் எங்கே எழுதுவது!

முட்டி அப்படியேதான் இருக்கிறது.

உன்,
சுவாமிநாதன்

*

பாலவாக்கம்
20.2.2025

சாமி,

பாவி, சிரிச்சு சிரிச்சு கட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. ஸ்டெல்லா திட்றா. "பெயர், கா" மட்டும் ரெண்டு தபா வாசிக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரில கட்டு மாத்தற நர்ஸம்மாகிட்டயும் சொல்லிக் காட்டினேன், அந்தம்மா கத்திரிக்கோலைக் கீழ போட்டுட்டாங்க.

அதே ஆஸ்பத்திரிலதான் இடது கண்ணு அவ்ளோதான்னுட்டாங்க. பரவால்ல, பாதி உலகம் பாத்தா போதும்.

ஒயர்மேன் இசக்கிமுத்து நேத்து வந்து பக்கத்துல உக்காந்து அழுவறான். தூத்துக்குடிக்காரன், போன வருஷம்தான் கல்யாணம் ஆச்சு. அன்னிக்கு என்கூட யார்டுல இருக்க வேண்டியவன், நாந்தான் டீ வாங்கியான்னு அனுப்பினேன். அனுப்பலன்னா? ஒரு கூட்டை எடுக்க நான் சோம்பேறித்தனம் பண்ணதுக்கு அவன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்லியிருப்பேன்?

அதான் முடிவு பண்ணிட்டேன். கோயில்ல ஃபாதர்கிட்ட தப்பைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு. இனிமே ஆபீஸ்லயும் பண்ணணும். மேடம் கேக்கறதுக்கு முன்னாடி நானே எழுதிக் குடுத்துடறேன், ஆமா, கூட்டை எடுக்காதது என் தப்புதான்னு. மெமோ குடுப்பாங்களோ, கடைசி நேரத்துல சஸ்பெண்ட் பண்ணுவாங்களோ, குடுக்கட்டும்.

நீ எழுதிக் குடு. பத்து வரி. நல்ல தமிழ்ல, அழுவாச்சி இல்லாம. ஸ்டெல்லா எழுதினா மூணாவது வரிலயே அழுதுடுவா. உனக்குத்தான் அந்த எழுத்து வரும். அஞ்சாந்தேதிக்குள்ள வர்ற மாதிரி தபால்ல போடு, நான் கையெழுத்து மட்டும் போட்டுடறேன்.

லாரன்ஸ்

*

மயிலாப்பூர்
25.2.2025

அன்புள்ள லாரன்ஸ்,

பத்து வரி எழுதினேன். 'பறவைக்கூட்டை உரிய காலத்தில் அகற்றாதது முழுக்க என் கவனக்குறைவே' என்று தொடங்கி, நீ கேட்டபடி நல்ல தமிழில், அழுகை இல்லாமல் வந்தது. முடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் கீழே 'சுவாமிநாதன், செயலாளர்' என்று போட்டிருக்கிறேன். திரும்ப வாசித்தபோது அந்த ஒரு வரிதான் நிஜமாக இருந்தது.

காக்கா இல்லை லாரன்ஸ். நான்.

ஒவ்வொரு வருஷமும் கொடிக்குள் ரோஜா இதழ் வைத்து மடிப்போம். கயிற்றை இழுத்தால் பாதி இதழ் தலைவரின் வழுக்கையில் ஒட்டும், மீதி சாம்பாரில் விழும். இந்த வருஷம் ஜோராக இருக்கட்டும் என்று பாண்டி பஜாரில் எட்டு குழாய் வாங்கினேன். திருகினால் 'டப்' என்று வெடித்து ஜிகினா ரிப்பன் பறக்குமே, அது. இளைஞர் யாரும் கேட்கவில்லை. ஐம்பத்தொன்பது வயசில் எனக்குத்தான் ஆசை.

பொங்கலுக்கு முன்னால் நீயே ஒரு நோட்டீஸ் கொண்டு வந்தாய். காற்றாடி, ராக்கெட், ஜிகினாத் தாள், பளபளக்கிற பலூன் எதுவும் யார்டு பக்கம் வரக்கூடாது என்று. "சாமி, இது சும்மா தாள் இல்லடா, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல விழுந்துச்சுன்னா குண்டு மாதிரி" என்றாய். உன் புத்தகத்தில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டீஸின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில்தான் டிபன் கணக்கு எழுதினேன். இட்லி 200, வடை 84, தொட்டுக்கொள்ள கொத்சு.

கொடி ஏறியதும் மொட்டைமாடியிலிருந்து எட்டையும் திருகினோம். தலைவரின் பேத்தி அனன்யா போனில் படம் எடுத்தாள். ரிப்பனெல்லாம் நேரே கீழே விழும் என்று நினைத்தேன். காற்று மதில் பக்கம் கொண்டு போயிற்று. வெயிலில் நெளிந்து நெளிந்து அவ்வளவு அழகாகப் போயிற்று. தலைவர் பேச ஆரம்பித்தார், நான் ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த வெள்ளை. அந்தச் சத்தம். எட்டில் ஒன்று தாமதமாக வெடித்தது என்று நினைத்துக்கொண்டு நான் கை தட்டினேன். நான் தட்டியதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். நீ கேட்டது அதுதான்.

மாடியைப் பெருக்கி, குழாய்களைப் பையில் கட்டி, லஸ் முனையில் கொண்டுபோய்ப் போட்டதும் நான். குரூப்பில் வந்த வீடியோவை அழிக்கச் சொன்னதும் நான். அன்று சாயங்காலம் கமிட்டி கூடியபோது ராஜகோபாலன், "நாம எதுக்குங்காணும் வாயைத் தெறக்கணும்? மேலே காக்கா கூடு இருக்கோல்லியோ?" என்றார். எழுத்து வருகிறவன் என்று என்னைத்தான் பார்த்தார்கள். தாரணி மேடத்துக்குப் போன லெட்டர் என் கையெழுத்து.

கூட்டை எடுப்பது ஒருத்தருடைய வேலை, அந்த ஒருத்தர் நீ என்பது சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. காக்காவுக்குக் கேட்க நாதி கிடையாது, அதன் மேல் போட்டால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன். உன் முதல் கடிதத்திலேயே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் பதினாலாம் தேதி ஜோக் எழுதினேன்.

என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்க யோக்கியதை இல்லை. கேட்கிறேன்.

சுவாமிநாதன்

*

பாலவாக்கம்
1.3.2025

திரு. சுவாமிநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அதை நான் இவருக்கு வாசித்துக் காட்டவில்லை. தபால் வரவில்லை, அந்தத் தபால்காரர் எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். இல்லாத தப்பை எதிரில் இல்லாத ஆள் மேல் போட உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஏன் வாசிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். வாசித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை வாசி என்பார். அப்புறம் "பரவால்லடா சாமின்னு எழுது" என்பார். அப்புறம், கூட இருந்தவனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று, கூட்டை எடுக்காதது நான்தான் என்று அந்தப் பத்து வரியில் கையெழுத்துப் போடுவார். உங்களுக்கு மனசு லேசாகிவிடும். இவர் கண்ணும் போய், பேரும் போய் வீட்டில் உட்காருவார்.

கட்டுப் போட்டிருக்கிற ஆளிடம் தபாலில் தப்பை ஒத்துக்கொள்வது சுலபம். அவரால் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது.

பத்தாம் தேதி என்கொயரி. அந்த மேடத்திடம் போய், அங்கே உட்கார்ந்து, இவருக்கு எழுதியதை எழுதிக் கொடுங்கள். அதன் நகல் என் கைக்கு வந்தால் இரண்டையும் சேர்த்து வாசிப்பேன். வராவிட்டால் அந்தப் பத்து வரியை நானே எழுதிக்கொள்கிறேன். அழாமல் எழுத எனக்கும் வரும்.

ஸ்டெல்லா லாரன்ஸ்

*

மயிலாப்பூர்
11.3.2025

ஸ்டெல்லாவுக்கு,

நகல் இணைத்திருக்கிறேன். நான்கு பக்கம்.

நேற்று பத்து மணிக்குப் போனேன். தாரணி மேடத்துக்கு என் பெண் வயதுதான் இருக்கும். நோட்டீஸை மேஜையில் வைத்தேன். முன்பக்கம் படித்தார். திருப்பினார். "வடை எண்பத்தி நாலு" என்று வாய்விட்டே படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல், "அதில் நான்கு ஊசிப்போய்விட்டது மேடம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"சார், காக்கான்னு குடுத்தீங்களே ஒரு லெட்டர், அதுவும் இதே கையெழுத்துதானே?"

"ஆமாம்மா."

"அது பொய்யா, இது பொய்யா?"

"அது."

"லாரன்ஸ் சார் உங்க ஃப்ரெண்டுன்னு சொல்றாங்க."

நான் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி எழுத உட்கார்ந்தேன்.

ரிப்பன் எரிந்து சாம்பலாகிவிட்டதே, அத்தாட்சி என்ன என்றார். அனன்யாவைப் போய்க் கேட்டிருந்தேன். "குரூப்லேர்ந்துதான் மாமா டெலீட் பண்ணேன், என் போன்ல இருக்கு" என்று அந்தப் பெண் கொடுத்தாள். அதில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ரிப்பன் போவது, வெளிச்சம், நான் கை தட்டுவது. மேடம் அதை மூன்று முறை பார்த்தார். போலீஸுக்கும் எழுதுவார்களாம், வருகிறபோது வரட்டும். ராஜகோபாலன் நேற்று மாலையே கமிட்டியைக் கூட்டி என்னை நீக்கிவிட்டார். "குடும்பத்துக்குள்ளே வச்சுக்க வேண்டியதை வெளியிலே கொண்டு போயிட்டீரே" என்றார். மாமி லிஃப்டில் என்னைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள். மூன்று மாடியும் நடந்து ஏறினாள், எழுபத்தோரு வயதில்.

நீ எழுதியது அத்தனையும் நியாயம். அவனுக்கு வாசித்துக் காட்டு. இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் வரலாமா என்று அவனிடம் கேட்டுச் சொல்.

சுவாமிநாதன்

*

பாலவாக்கம்
19.3.2025

சாமி,

நானே எழுதறேன். வரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், பாத்துப் படி.

ஸ்டெல்லா ரெண்டையும் வாசிச்சா. ஒரே மூச்சுல வாசிச்சுட்டு அடுப்பாண்ட போயிட்டா. மேடம் வீட்டுக்கே வந்தாங்க, என் மேல ஒண்ணும் இல்லன்னு எழுதியாச்சுன்னாங்க. கூட்டை இசக்கிமுத்து எறக்கிட்டான். அதுல இருந்த கம்பிலாம் துருப்பிடிச்சு அப்படியே முழுசா கீதாம்.

நீ போய் அங்க உக்காந்து சொன்னது லேசு இல்ல. எனக்குத் தெரியும்.

ரிப்பன் உட்டதை நான் உட்டுட்டேன். விசேஷம்னு வந்தா எவனுக்கும் மதிலுக்கு அந்தாண்ட ஆள் கீறான்னு தோணாது. முப்பத்தொரு வருஷமா பாத்துக்கினுதானே கீறேன். காக்கா மேல லெட்டர் எழுதினதையும் உட்டுட்டேன். பயந்துட்டே, எழுதினே. கை தட்டினதையும்கூட உட்டுட்டேன்.

பதினாலாந்தேதி லெட்டரைத்தான் உட முடியல. நான் ரெண்டு தபா வாசிக்கச் சொல்லி சிரிச்சேன் சாமி. நர்ஸம்மாகிட்ட சொல்லிச் சிரிச்சேன். 'என் ஃப்ரெண்டு எழுதினது'ன்னு வந்தவங்ககிட்டலாம் சொன்னேன். நீ எல்லாம் தெரிஞ்சுக்கினு எழுதியிருக்கே. நான் சிரிக்கிறது இங்கேர்ந்து உனக்குக் கேட்டிருக்கும். தினமும் காலைல எழுந்து, இன்னிக்கு உட்டுடலாம்னு பாக்கறேன். முடியல.

ஞாயித்துக்கிழமை வராதே. லெட்டரும் போடாதே, ஸ்டெல்லா பிரிக்க மாட்டா.

மே முப்பத்தொண்ணு சாயங்காலம் ஆபீஸ்ல எனக்கு மாலை போடுவாங்க. அன்னிக்கு வா. ஒண்ணும் பேச வேணாம், யாரையும் சிரிக்க வைக்க வேணாம். எனக்கு வலது பக்கமா வந்து உக்காரு. இடது பக்கம் உக்காந்தா நீ வந்தியா, வரலையான்னே எனக்குத் தெரியாது.

லாரன்ஸ்